பீரங்கிக்காரரின் சம்பளம்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அதன்மேல் 7560 என்று எண் பொறித்திருக்கிறது. சென்ற மார்கழியில் என்னுடன் மலையேறிய நண்பர் மூச்சு வாங்க அதன்மீது கை வைத்து நின்றபடி, "இதற்கும் எம்ப்ளாயி நம்பர் கொடுத்திருக்கிறார்களே" என்றார். இருவரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கும் மனநிலையில் அவர் அன்று வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நண்பர் கணிப்பொறித் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருப்பவர். நல்ல வாசகர். சிற்றிதழ்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருப்பவர். நிரல் எழுதுவதை ஒரு செய்நேர்த்தியாகவே கருதி வந்தவர். அவருடைய அலுவலகத்தில் தொழில்நுட்ப வரிசைக்கென்று ஓர் ஏணி உண்டு. அதன் கடைசிப் படியில் அவர் நின்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி ஊதியம் உயர வேண்டுமானால் ஏணி மாற வேண்டும். அதாவது நிரல் எழுதுவதை விட்டுவிட்டு, நிரல் எழுதுபவர்களின் விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்திட வேண்டும். மேனேஜர் பதவியை ஏற்கும்படி சொல்லிவிட்டார்கள். நில உச்சவரம்பு என்று கேள்விப்பட்டிருக்கிறோம்; சம்பளத்திற்கும் உச்சவரம்பு உண்டு என்பதும், அது ஒருவருடைய திறமை எங்கே முடிகிறதோ அங்கே போடப்படுவதில்லை என்பதும் அவருக்கு இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்திருக்கிறது. "அடுத்து என்ன செய்வது, சொல்லுங்கள்" என்றார். எனக்கு அப்போது சொல்ல ஒன்றுமில்லை. பீரங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு அந்தப் பீரங்கிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பீரங்கியை வார்க்கவும் குறிபார்க்கவும் தெரிந்தவர்கள்தான் 17ஆம் நூற்றாண்டின் தொழில்நுட்பவாதிகள். அவர்களுடைய சம்பளம் எவ்வளவு? அது எங்கே நின்றது? நின்றபின் என்ன செய்தார்கள்? செஞ்சியைச் சுற்றி இதைத் தேடிக்கொண்டு போனபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். கோட்டையின் முழு வரலாறு வேண்டுவோர் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட நூலைப் பார்க்கலாம். அதைவிடச் சிறப்பாக இன்றுவரை யாரும் எழுதிவிடவில்லை என்பது என் எண்ணம்.

செஞ்சி என்றவுடன் நம் மக்கள் நினைவுக்கு வருபவன் தேசிங்கு ராஜன். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டு மடிந்த இளைஞன். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவன் இன்னும் குதிரையேறிக்கொண்டிருக்கிறான். ஆனால் கோட்டையின் பெருங்கதை அவனுக்கு முந்தியது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைப் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து கைப்பற்றிப் புதிய மதில்களும் அகழிகளும் அமைத்தார். மராட்டிய நாடு மொகலாயர் கையில் நொறுங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய இளைய மகன் ராஜாராம் 1689இல் இங்கே வந்து சேர்ந்தார். சில ஆண்டுக்காலம் மராட்டிய அரசின் தலைநகரம் நம் செஞ்சிதான். மராட்டியப் படையரண்கள் என்ற தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டையாகச் செஞ்சி இருந்ததற்குக் காரணம் இதுவே.

ராஜாராமைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகார் கான். 1690இல் முற்றுகை தொடங்கியது. 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் முழுதாகச் சூழ்ந்துகொள்ளப் படை போதவில்லை என்பது உண்மை. 1692ஆம் ஆண்டின் கடைசியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டதும், சுல்பிகார் வந்தவாசிக்குப் பின்வாங்கியதும் உண்மை. ஆனாலும் எட்டு ஆண்டுகள்! இதே கோட்டையைப் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த எட்டு ஆண்டுகளுக்கு ஒரு விளக்கம் தருபவர் பீம்சேன். புந்தேலா தலைவர் தளபத் ராவிடம் எழுத்துவேலை பார்த்த காயஸ்தர்; தெற்கத்திய போர்களை முகாமிலிருந்து கண்டு பாரசீகத்தில் நினைவுக்குறிப்பு எழுதி வைத்தவர். சுல்பிகார் கான் மனது வைத்திருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம், ஆனால் வேலையை இழுத்தடிப்பதுதான் தளபதிகளின் வழக்கம் என்று அவர் எழுதுகிறார். செஞ்சி முடிந்தால் அடுத்து எங்கோ ஒரு தொலைதூரப் போர்முனைக்கு மாற்றுவார்கள். படையும் பதவியும் வருமானமும் முற்றுகை நீடிக்கும்வரைதான். கோட்டையைப் பிடிப்பதைவிடப் பிடித்துக்கொண்டே இருப்பது இலாபம். உச்சவரம்பைத் தொட்டவர்கள் காலங்காலமாகக் கையாண்ட வழிகளில் இது ஒன்று. இன்றைய அலுவலகங்களிலும் எட்டு ஆண்டு முற்றுகைகள் நடக்கின்றன என்றார் நண்பர். பெயர் சொல்ல மறுத்துவிட்டார்.

இனி பீரங்கிக்காரர்களுக்கு வருவோம். மொகலாயப் படையில் ஐரோப்பியக் குறிபார்ப்போர் இருந்தது நாம் அறிந்ததே. பறங்கிகள் என்று பொதுவாகச் சொல்லப்பட்ட இவர்களில் போர்த்துகீசியர், ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் உண்டு. பலர் கப்பல்களிலிருந்தும் கம்பெனிகளின் கோட்டைகளிலிருந்தும் ஓடி வந்தவர்கள். இவர்களுடைய ஊதியத்தைப் பற்றி மிகத் தெளிவான குறிப்பை விட்டுச் சென்றிருப்பவர் 1650களின் இறுதியில் இந்தியா வந்து ஔரங்கசீப்பின் ஆட்சித் தொடக்கத்தை நேரில் கண்ட பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே. அவர் சொல்வதன் சாரம் இது: மொகலாயர்களுக்குப் பீரங்கி வேலை அதிகம் பழகாத காலத்தில் இந்த ஐரோப்பியருக்குச் சம்பளம் தாராளமாக இருந்தது, அக்காலத்தில் சேர்ந்த சிலர் இன்னும் மாதம் 200 ரூபாய் பெறுகிறார்கள், ஆனால் இப்போது அரசர் இவர்களைச் சேர்த்துக்கொள்வதே அரிது, சேர்த்தாலும் 32 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை.

இருநூறிலிருந்து முப்பத்திரண்டு. இதை வாசித்தபோது சில நிமிடங்கள் அதே பக்கத்தில் நின்றுவிட்டேன். இடைப்பட்ட காலத்தில் பீரங்கிக்காரனுடைய கண் மங்கிவிடவில்லை. அவன் முன்பு அடித்த தூரத்தை இப்போதும் அடிக்கிறான். குறைந்தது அவனுடைய அருமை மட்டுமே. அவன் சொல்லிக்கொடுத்ததைக் கற்றுக்கொண்டவர்கள் பெருகிவிட்டார்கள். தொழில் தெரிந்தவன் தன் தொழிலைப் பரப்பும்போது தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறான். இதில் அநீதி என்று எதைச் சொல்வது? ஆனால் அந்த மனிதனுக்கு வலிக்காமல் இருக்குமா?

ஊதியத்தோடு மரியாதையும் போயிற்று. இதைச் சொல்பவர் அந்தத் தொழிலிலேயே இருந்த வெனிஸ்காரர் நிக்கோலாவோ மனூச்சி. முன்பெல்லாம் ஐரோப்பியப் பீரங்கிக்காரனுக்குக் குறிபார்ப்பது ஒன்றுதான் வேலை. தூக்குவது, இறக்குவது, மருந்து கெட்டிப்பது, கொளுத்துவது எல்லாம் மற்றவர்கள் பாடு. ஔரங்கசீப் வந்ததும் இவர்களுடைய திமிரையும் குடியையும் கண்டு சலுகைகளைப் பறித்தார். மற்றச் சிப்பாய்களைப்போல் காவலுக்கும் நிற்க வைத்தார். சாராயம் காய்ச்சிக்கொள்ளும் உரிமை மட்டும் மிஞ்சியது என்கிறார் மனூச்சி. குறிபார்ப்பவன் தனி, சுமப்பவன் தனி என்றிருந்த பிரிவினை கலைந்தபோது அவர்களுக்கு ஏற்பட்ட அவமானத்தை அந்தப் பக்கங்களில் காண முடிகிறது. அனுதாபத்தோடு வாசிக்கத்தான் வேண்டும். ஆனாலும் சுமந்தவர்களைப் பற்றி மனூச்சி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மனூச்சியின் வாழ்க்கைதான் நண்பரின் கேள்விக்கு முதல் விடை. வீட்டைவிட்டு ஓடிக் கப்பலில் ஒளிந்துகொண்டு 1653இல் வெனிஸிலிருந்து புறப்பட்ட சிறுவன். பெல்லமாண்ட் என்ற ஆங்கிலப் பிரபுவுக்குப் பணியாளாகச் சேர்ந்து பாரசீகம் வழியாக 1656இல் சூரத் வந்து இறங்கினான். பிரபு அதே ஆண்டில் இறந்துபோனார். தனித்து நின்ற பையன் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுகோவிடம் பீரங்கிக்காரனாகச் சேர்ந்தான். மாதம் 80 ரூபாய். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்கு அது பெரிய தொகை. 1658இல் சாமுகட் போரில் தாரா தோற்றார். அதன்பின் சிந்துவில் பக்கர் கோட்டைக்குள் தாராவின் ஆட்களோடு முற்றுகையில் அடைபட்டுக் கிடந்தான் மனூச்சி. எல்லாம் முடிந்த பிறகு ஔரங்கசீப்பிடம் வேலைக்குச் சேர அழைப்பு வந்தது. மறுத்துவிட்டான். தாராவின்மேல் கொண்ட பற்று என்று அவரே காரணம் சொல்கிறார். அது பொய்யல்ல. ஆனால் பறங்கிப் பீரங்கிக்காரர்களின் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் சுவையானது. மருத்துவராகிவிட்டார். எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, எவரிடமும் பயிலவில்லை. பறங்கி என்றால் மருத்துவம் தெரிந்திருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். அவர் அந்த நம்பிக்கையைக் குலைக்கவில்லை. லாகூரில் ஒரு நோயாளிக்குக் குடலைக் கழுவ வேண்டியிருந்தபோது கருவி ஏதுமில்லை. பசுவின் மடியைப் பையாகவும் ஹுக்காவின் குழலைக் குழாயாகவும் வைத்துக் கருவியைத் தாமே செய்துகொண்டதாக எழுதுகிறார். பீரங்கியில் மருந்து கெட்டித்துப் பழகிய கைக்கு இது அவ்வளவு தொலைவான வேலையாகத் தோன்றியிராது. நோயாளி பிழைத்தார்; மருத்துவரின் பெயரும் பரவியது. இடையில் 1665இல் ராஜா ஜெய்சிங்கின் பீரங்கிப் படையில் மீண்டும் ஒரு முறை சேர்ந்து தக்காணம் போனார். புரந்தர் அருகே ஜெய்சிங்கின் கூடாரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது சரணடைய வந்த சிவாஜியைக் கண்டதாகவும் பின்னர் அவரோடு பேசியதாகவும் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் செஞ்சியைப் பிடிக்கப்போகிறவர் அந்தச் சிவாஜி. ஆனால் படைத்தொழில் மனூச்சிக்கு அலுத்துவிட்டது. மருத்துவத்திற்கே திரும்பினார். இளவரசர் ஷா ஆலமின் முகாமில் மருத்துவராக இருந்தார். அரண்மனைப் பணி என்பது விலகுவதற்கு அனுமதி கிடைக்காத பணி. அங்கிருந்தும் ஒருவழியாக விலகி, கோல்கொண்டா வழியாக 1686இல் சென்னைப்பட்டினம் வந்து சேர்ந்தார். ஐரோப்பாவுக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணியவரைத் தடுத்து இங்கேயே மணம் முடித்துக்கொள்ளச் சொன்னவர் புதுச்சேரியின் பிரான்சுவா மர்த்தேன். தாமஸ் கிளார்க் என்பவரின் விதவை எலிசபெத்தை மணந்து சென்னைவாசியானார்.

செஞ்சி முற்றுகை நடந்த அந்த எட்டு ஆண்டுகளும் அவர் நூறு மைல் தொலைவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, மருந்து விற்றுக்கொண்டு, தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாராவின் முகாமில் இருந்த பையனாக இருந்திருந்தால் ஏதோ ஒரு பக்கத்துப் பீரங்கியின் பின்னால் நின்றிருப்பார். போகவில்லை. முற்றுகைக் காலத்தில் சந்திராயன் துர்க்கத்தின்மேல் ஏறிப் புகழ்பெற்ற தாவூத் கான் பன்னி பிறகு கர்நாடகத்தின் நவாப் ஆகி, 1700களின் தொடக்கத்தில் சென்னையை மிரட்டியபோது, கவர்னர் தாமஸ் பிட் அவரிடம் தூது அனுப்பியவர்களில் மனூச்சியும் ஒருவர். பீரங்கி, மருத்துவம், தூது. பாரசீகமும் அரண்மனை நடைமுறையும் தெரிந்த கிழவருக்கு மூன்றாவது தொழில். இதற்கிடையே அவர் எழுதிக் குவித்த மொகலாய வரலாறு இத்தாலியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு என மூன்று மொழிகள் கலந்தது. வில்லியம் இர்வின் அதை மொழிபெயர்த்து 1907, 1908 ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். வம்பும் பொய்யும் மிகுந்த நூல்தான். ஆனால் சம்பளம், பதவி, பசி ஆகியவற்றைப் பேசும் இடங்களில் மனூச்சி பெரும்பாலும் உண்மையே பேசுகிறார் என்பது என் அனுபவம்.

இதை நண்பரிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "அவன் தொழிலை நேசித்தவன் இல்லை. அவனுக்கு எதுவும் தொழில்தான்" என்றார். நியாயமான எதிர்ப்பு. தொழிலைவிட்டு வெளியேறியவர்களின் கதை எப்போதும் கலகலப்பாக இருக்கும். உள்ளேயே நின்றவர்களைப் பற்றிச் சொல்லச் செய்தி அதிகம் கிடைப்பதில்லை. அப்படி ஒருவரைத் தேடினால் செஞ்சியிலிருந்து வடக்கே ஆற்காட்டுக்குப் போக வேண்டும்.

தாவூத் கான் தலைமையிடத்தைச் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாற்றினார். செஞ்சியின் காய்ச்சல் ஒரு காரணம் என்பார்கள். கோட்டை சரிந்தது, ஆற்காடு வளர்ந்தது. நவாபுகளின் நகரில் கடிகாரமும் நகையும் நுண்கருவியும் செய்யும் கைகள் சேர்ந்தன. அந்த ஆற்காட்டிலிருந்து வந்தவர் சையது மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகை, கடிகார வேலை பார்த்துக்கொண்டிருந்தவரின் கைத்திறனைக் கண்ட சர்வேயர் ஜெனரல் வாலன்டைன் பிளாக்கர் 1824இல் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

அவர் செய்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவையின் உயிர்நாடி தியோடலைட் என்ற கோணமானி. அரை டன் எடையுள்ள அந்தக் கருவியைப் பல்லக்குபோல் ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு நழுவிச் சுவரில் மோதி அதன் வட்டு நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்தில் அடைந்துகொண்டு ஆறு வாரம் தட்டித் தட்டிச் சரிசெய்தார். மூன்றடி விட்டமுள்ள அந்த வட்டின் விளிம்பில் பாகைகளும் அவற்றின் நுண்பகுதிகளும் கோடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கோடு மயிரிழை விலகினால் நூறு மைலுக்கு அப்பாலுள்ள குன்று இடம் மாறிவிடும். வட்டை மறுபடி பிரிப்பது என்பது இங்கிலாந்திலேயே ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சிலருக்குத்தான் தெரிந்த வித்தை.

எவரெஸ்ட் 1830இல் சர்வேயர் ஜெனரலாகத் திரும்பி வந்தபோது ஹென்றி பாரோ என்ற தேர்ந்த கருவியாளர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டார். பாரோ வல்லவர், எவரெஸ்டோடு ஒத்துப்போக முடியாதவர். எவரெஸ்டோடு யாரும் ஒத்துப்போனதில்லை என்பது வேறு விஷயம். 1839இல் பாரோ விலகிய பிறகு எஞ்சியிருந்த வட்டுப் பிரிக்கும் வேலையைச் செய்து முடித்தவர் ஆற்காட்டுக்காரர். அந்தப் பதவிக்கு அவரையே நியமிக்க வேண்டும் என்று எவரெஸ்ட் வாதாடினார். ஆங்கிலக் கல்வி இல்லாதவர், இந்தியர். மேலிடத்துக்குத் தயக்கம். கணிதக் கருவிகளின் செய்வினைஞர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தபோது ஆண்டு 1843. கருவியைச் சரிபார்க்கும் கை எந்த மொழியில் எழுதும் என்பதைத் தீர்மானிக்க அவ்வளவு காலம் ஆயிற்று. பிற்காலத்தில் சர்வே துறையின் வரலாற்றைத் தொகுத்த பிலிமோர் இவருக்குப் பக்கங்கள் ஒதுக்கியிராவிட்டால் நமக்கு இந்தப் பெயரே தெரிந்திராது.

அதே எவரெஸ்டிடம் கணிப்பாளராக இருந்த வங்காளி ராதாநாத் சிக்தாரின் நிலை இன்னும் நமக்கு நெருக்கமானது. கோள முக்கோணவியலில் அவருக்கு ஈடில்லை. ஆனால் டெபுடி கலெக்டர் வேலைக்குப் போனால் சம்பளமும் மரியாதையும் கூடும். அவர் வெளியேற முயன்றார்; எவரெஸ்ட் விடவில்லை. ஊதியத்தை உயர்த்தச் சொல்லி மேலே எழுதி, அவரைத் துறையிலேயே நிறுத்தினார். வேண்டிய ஆளை நிறுத்துவதற்காக மட்டும் உச்சவரம்பு சற்று நெகிழ்கிறது. அவ்வளவுதான்.

மேற்சொன்னவர்களை எல்லாம்விட என்னைத் தொந்தரவு செய்பவர் வேறொருவர். அவருடைய கதை என்னைச் செஞ்சிக்கே திரும்பக் கொண்டுவந்தது.

செஞ்சியின் வரலாற்றை எழுதும் எவரும் தவிர்க்க முடியாத தமிழ் ஏடு ஒன்று உண்டு: கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம். செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் பிள்ளை, மெக்லியோட் என்ற ஆங்கில அதிகாரி கேட்டுக்கொண்டபடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. சீனிவாசாச்சாரியார் பல இடங்களில் இதன் துணையோடுதான் நடக்கிறார். இந்த ஏடு இன்று நமக்குக் கிடைப்பது மெக்கன்சி தொகுப்பில் சேர்ந்ததால். காலின் மெக்கன்சி தொழிலால் பொறியாளர், நில அளவையாளர். ஊர் ஊராக அளக்கப் போன இடத்தில் ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் வாய்மொழி வரலாறுகளையும் தம் கைப்பணத்தையும் போட்டுத் திரட்டினார். 1815இல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆகி 1821இல் இறந்தார்.

மெக்கன்சிக்குத் தென்னிந்திய மொழிகள் தெரியாது. அவருக்கு வாயும் செவியுமாக இருந்தவர்கள் ஏலூரைச் சேர்ந்த காவலி சகோதரர்கள். மூத்தவர் வேங்கட போரய்யா 1803இல் இருபதுகளிலேயே இறந்துபோனார். தம் ஆய்வுகளுக்கு வாசல் திறந்தவர் அவரே என்று மெக்கன்சி பின்னாளில் நன்றியோடு எழுதினார். அடுத்தவர் வேங்கட லட்சுமய்யா தலைமை ஏற்றார். எந்த ஊருக்கு யாரை அனுப்புவது, யாரிடம் எப்படிப் பேசினால் ஏடு வெளியே வரும், வந்த ஏடு அசலா போலியா, அதை எந்த மொழியில் எப்படிச் சுருக்குவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்களை நிர்வகித்தார், தொழிலும் செய்தார். நண்பரின் அலுவலகத்தில் இவ்விரண்டையும் ஒருவரே செய்ய முடியாது என்கிறார்கள்! (இளையவர் ராமசாமி 1829இல் தக்காணக் கவிஞர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நமக்கு ஔவையையும் கம்பனையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடிகளில் அவர் ஒருவர் என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.)

மெக்கன்சி இறந்ததும் அரசு அவர் மனைவியிடமிருந்து தொகுப்பை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. எச்.எச். வில்சன் 1828இல் அதற்கு அட்டவணை வெளியிட்டார். கால் நூற்றாண்டு அந்த ஏடுகளோடு வாழ்ந்த லட்சுமய்யா ஓரத்தில் நின்றார். ஆனால் சும்மா இருக்கவில்லை. 1833இல் சென்னையில் இந்து இலக்கியச் சங்கம் ஒன்று அமைவதில் முன்னின்றார். பணியைத் தொடரத் தம்மை அனுமதிக்கும்படி அரசுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் கல்கத்தாவின் ஆசியச் சங்கத்துக்குக் கருத்துக் கேட்டு அனுப்பப்பட்டது. 1836இல் அச்சங்கத்தின் செயலர் ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டப்போகிறவர். பெரிய அறிஞர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர்கள் தந்த கருத்தின் சாரம் இதுதான்: லட்சுமய்யாவின் தகுதி திரட்டுவதிலும் மொழிபெயர்ப்பதிலும் இருக்கிறது, ஆனால் இத்தகைய பெருந்திட்டத்தை நடத்தப் பொதுமைப்படுத்திப் பார்க்கப் பழகிய ஒரு தலைமை அறிவு வேண்டும், அதை இந்நாட்டவர் எவரிடமும் எதிர்பார்ப்பதற்கில்லை.

பணி வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று. டெய்லரின் வரலாற்று ஊகங்களை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. அவருடைய அட்டவணைகளைத் திருத்துவதே பின்வந்தவர்களுக்கு ஒரு வேலையாக இருந்தது.

பெர்னியே சொன்ன 32 ரூபாய் சந்தை விதித்த உச்சவரம்பு. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. திட்டிக்கொண்டே தாண்டவும் முடிகிறது, மனூச்சி தாண்டியதைப்போல. லட்சுமய்யாவுக்கு மேலே இருந்தது வேறு வகை. உன் கை நன்றாக வேலை செய்கிறது, ஆகவே நீ கையாகவே இரு என்று சொல்லும் கூரை அது. மேனேஜராகாதவரை நீ சிந்திப்பவனல்ல, செய்பவன் மட்டுமே என்று நண்பரிடம் அவருடைய அலுவலகம் சொல்லாமல் சொல்வதும் ஏறத்தாழ இதுவே என்று நான் அவரிடம் சொன்னேன். காலனிய ஆதிக்கத்தையும் குளிரூட்டிய அலுவலகத்தையும் ஒன்றாக்குவது மிகை என்று உடனே மறுத்தார். அவரால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்ய முடியும், லட்சுமய்யாவுக்குப் போக வேறு இடமில்லை என்றார். சரியான திருத்தம், ஒப்புக்கொண்டேன்.

இக்கட்டுரையின் முதல் வரைவை அவருக்கு அனுப்பியிருந்தேன். மேனேஜர் பதவிக்கான கடிதம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. பதில் சொல்ல மாதக் கடைசிவரை அவகாசம். அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மனூச்சியைப் பற்றியும் ஒன்றுமில்லை. மூன்றடி வட்டில் மொஹ்சின் ஹுசைன் கோடுகளைப் பிரித்தது வெறுங்கையாலா, அதற்கென்று தனிக் கருவி வைத்திருந்தாரா, பிலிமோரின் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருந்தார்.